ஆய்வாளரும் ஆசிரியரும்: எல்லைக் கிராமங்களிலிருந்து ஒரு பார்வை

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பெருங்கடவிளை வளர்ச்சி வட்டாரத்தைச் சேர்ந்த ஊராட்சி ஆரியங்கோடு. ரப்பரும் தென்னையும் மரச்சீனியும் விளையும் மேட்டுநிலப் பகுதி. இங்கிருந்து குன்னத்துக்கால், வெள்ளறடை வழியாகச் சென்றால் சிறிது தொலைவிலேயே தமிழ்நாட்டின் விளவங்கோடு வட்டம் வந்துவிடுகிறது. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. எல்லையின் இருபுறமும் உறவுகள் உண்டு, சந்தை உண்டு, பெண் கொடுத்தலும் எடுத்தலும் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு இரு பக்கத்து வீடுகளிலும் கேட்கிறது.

1956 அக்டோபர் 31 வரை இவ்வூர்ப் பள்ளிகள் யாவும் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் ஒரே கல்வித் துறையின் கீழ் இருந்தன. மறுநாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தமிழ்நாட்டோடு சேர வேண்டுமெனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்று முதல் ஒரே வகைப்பட்ட கிராமங்களில், ஒரே வகைப்பட்ட குழந்தைகளைக் கொண்ட பள்ளிகளில், இருவேறு மேற்பார்வை முறைகள் நடந்து வருகின்றன. கல்வி நிர்வாகம் பயிலும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுக்களம் எளிதில் வாய்க்காது. ஆசிரியரை மேற்பார்வையிடுவது எதற்காக, அவர் தம் தொழிலில் வளர அது உதவ வேண்டுமானால் எவ்வாறு அமைய வேண்டும் என்னும் கேள்விகளுக்கு இந்த எல்லை சில விடைகளைத் தருகிறது.

பழைய மரபு

திருவிதாங்கூரில் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817-இல் ஆணை பிறப்பித்தார். லண்டன் மிஷன் சங்கத்தாரும் மயிலாடி, நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை முதலிய இடங்களில் பள்ளிகள் நிறுவினர். பள்ளிகள் பெருகியபோது அவற்றைப் பார்வையிட ஆட்களும் வேண்டியிருந்தனர். பிரிட்டிஷ் இந்தியாவில் 1854-ஆம் ஆண்டின் உட் அறிக்கை மாகாணந்தோறும் பொதுக் கல்வித் துறையையும் ஆய்வாளர் பதவிகளையும் ஏற்படுத்தச் சொன்னது. உதவித் தொகை பெறும் பள்ளி ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. ஆகவே ஆய்வாளர் பணம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பவராகவே பிறந்தார். ஆசிரியரின் வளர்ச்சி அவருடைய முதற் கடமையாக அன்று எண்ணப்படவில்லை.

இதன் உச்சம் ‘தேர்ச்சிக்கேற்ற மானியம்’ என்னும் முறை. இங்கிலாந்தில் 1862-இல் புகுந்த இம்முறை சென்னை மாகாணத்திலும் வந்தது. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு குழந்தையையும் வாசிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கணக்குக் கேட்டுத் தேறியோரை எண்ணுவார். எண்ணிக்கைக்கேற்பப் பள்ளிக்கு மானியம் கிடைக்கும். விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியதே. பாடநூலை முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடம் செய்த குழந்தைகள் உருவாயினர். இங்கிலாந்தில் பல்லாண்டுகள் பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய கவிஞர் மாத்யூ ஆர்னால்டே இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தார். இந்தியாவில் 1904-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானம் இதனைக் கைவிடச் செய்தது.

முறை போயிற்று, பழக்கம் போகவில்லை. ஆய்வாளர் வரும் நாளில் மாவிலைத் தோரணம் கட்டுவதும், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்துவதும், முன்பே நடத்தி முடித்த பாடத்தை அன்று மீண்டும் புதிதுபோல் நடத்துவதும் நம் நாட்டில் பல தலைமுறைகளுக்குத் தெரிந்த காட்சிகள். இந்த நாடகத்தில் ஆய்வாளரும் ஒரு பாத்திரம் என்பதை அவரும் அறிவார். அவரே ஒரு காலத்தில் ஆசிரியராயிருந்து தோரணம் கட்டியவர்தாமே.

சுதந்திரத்துக்குப் பிந்திய குழுக்கள் இந்நிலையை நன்கு உணர்ந்திருந்தன. டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, ஆய்வாளர் என்னும் பெயரையே விரும்பாமல் ‘கல்வி ஆலோசகர்’ என்று அவரை அழைக்கலாம் எனக் கருதியது. பள்ளியின் பாடப் பணியை ஆய்வாளர் தனியாகப் பார்க்காமல், அனுபவமிக்க ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் சேர்ந்த குழுவோடு பார்க்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. 1964-66-இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு ஒருபடி மேலே சென்று, நிர்வாகத்தையும் மேற்பார்வையையும் தனித்தனியே பிரிக்க வேண்டும் என்று கூறியது. ஓர் உயர்நிலைப் பள்ளியையும் அதனைச் சுற்றியுள்ள தொடக்கப் பள்ளிகளையும் இணைத்துப் ‘பள்ளி வளாகம்’ அமைத்து, ஆசிரியர் ஒருவருக்கொருவர் உதவ வழி செய்யவும் சொன்னது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதே யோசனையை மீண்டும் எடுத்துக் கூறுகிறது; முந்தைய பரிந்துரை பெரும்பாலும் செயலுக்கு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறது.

ஒரே கையில் இரு கோல்கள்

ஆரியங்கோட்டுப் பக்கத்து நடைமுறையை முதலில் பார்ப்போம். 1958-ஆம் ஆண்டின் கேரளக் கல்விச் சட்டமும் 1959-ஆம் ஆண்டின் விதிகளுமே இங்குப் பள்ளி நிர்வாகத்துக்கு அடிப்படை. தொடக்கப் பள்ளிகளையும் மேல் தொடக்கப் பள்ளிகளையும் உதவிக் கல்வி அலுவலர் பார்க்கிறார். மக்கள் பேச்சில் அவர் ஏ.இ.ஓ. இப்பகுதிப் பள்ளிகளில் கணிசமானவை அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகள். நியமனம் மேலாளரிடம், சம்பளம் அரசிடமிருந்து, நியமனத்தை அங்கீகரிப்பவர் ஏ.இ.ஓ.

ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளன்று மாணவர் எண்ணிக்கை எடுக்கப்படுகிறது. அந்த எண்ணிக்கையைக் கொண்டே அவ்வாண்டின் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. குழந்தைகள் குறைந்தால் ஒரு பிரிவு குறையும். பிரிவு குறைந்தால் ஒரு பணியிடம் போகும். பிறப்பு வீதம் குறைந்து, ஆங்கில வழிப் பள்ளிகளின் பேருந்துகள் கிராமச் சாலைகளுக்குள்ளும் வந்துவிட்ட நிலையில், சிறு பள்ளிகளின் ஆசிரியருக்கு ஜூன் மாதம் கலக்கம் தரும் மாதமாக இருக்கிறது. பணியிடம் இழந்து வேறு பள்ளியில் அமர்த்தப்படும் ‘பாதுகாக்கப்பட்ட ஆசிரியர்’ என்னும் ஒரு பிரிவினரே கேரளத்தில் உண்டு.

இப்போது அந்த ஆசிரியரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். பதிவேட்டைச் சரிபார்த்து என் பணியிடம் நிற்குமா போகுமா என்று சொல்லும் அலுவலகத்தின் தலைவர் என் வகுப்பின் கடைசிப் பலகையில் வந்து அமர்கிறார். “எந்தக் குழந்தைகள் பின்தங்கியிருக்கிறார்கள், உங்களுக்கு எதில் சிரமம்?” என்று கனிவோடு கேட்கிறார். நான் என்ன சொல்வேன்? “எல்லோரும் நன்றாகவே படிக்கிறார்கள் ஐயா” என்றுதான் சொல்வேன். அவர் நல்லவராயிருப்பதும் கெட்டவராயிருப்பதும் இதில் பொருட்டன்று. அவர் கையில் இரு கோல்கள் இருக்கின்றன. ஒன்று அளவுகோல், மற்றது ஊன்றுகோல். எனக்குத் தெரிவது முதற்கோல் மட்டுமே. தமது குறையை ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில் அவருடைய தொழில் வளர்ச்சி தொடங்குவதற்கே வழியில்லை. கோத்தாரி குழு நிர்வாகத்தையும் மேற்பார்வையையும் பிரிக்கச் சொன்னதன் உட்பொருள் இதுவே என்று நான் கொள்கிறேன்.

கேரளம் இப்பிரிவினையைச் சட்டத்தால் செய்யவில்லை. திட்டங்களின் வழியாகச் செய்தது. மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் 1994-இல் காசர்கோடு, மலப்புறம், வயநாடு ஆகிய மூன்று மாவட்டங்களில் தொடங்கியது; அடுத்த கட்டத்தில் திருவனந்தபுரம் சேர்ந்தது. அத்திட்டத்தில் வட்டார வள மையங்கள் தோன்றின. பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கமும், 2018 முதல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமும் அவற்றைத் தொடர்ந்து நடத்துகின்றன. வள மையப் பயிற்றுநருக்கு ஆசிரியரின் சம்பளத்திலோ பணிப் பதிவேட்டிலோ அதிகாரம் இல்லை. பள்ளிக்குள்ளே ‘எஸ்.ஆர்.ஜி.’ எனப்படும் பள்ளி வளக்குழு கூடுகிறது. பல பள்ளி ஆசிரியர் ஒன்றுகூடும் தொகுப்புக் கூட்டங்களும் நடைபெறுகின்றன. சனிக்கிழமைகளில் கூட்டம் நடத்துவது பற்றி ஆசிரியர் சங்கங்களுக்கும் அரசுக்கும் பிணக்கு உண்டு என்பது வேறு செய்தி.

எல்லைக்கு அப்பால்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கதை சற்று வேறானது. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். இங்கோ திருவிதாங்கூர் ஆட்சியின் எச்சமாக அரசுத் தொடக்கப் பள்ளிகளே மிகுதி. மேற்பார்வையாளரின் பெயர் மட்டும் காலந்தோறும் மாறியது. முதலில் பள்ளித் துணை ஆய்வாளர். பின்னர் உதவித் தொடக்கக் கல்வி அலுவலர். 2018-ஆம் ஆண்டின் சீரமைப்புக்குப் பின் வட்டாரக் கல்வி அலுவலர். சம்பளப் பட்டியலும் விடுப்பும் பள்ளிப் பார்வையும் இங்கும் ஒரே மேசைக்கு வருகின்றன.

வள மையங்கள் இங்கும் உள்ளன. ஆனால் அவற்றில் பணியாற்றுவோரைத் தெரிவு செய்வதில் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. கேரளத்தின் வள மையப் பயிற்றுநர் பொதுவாகப் பள்ளியிலிருந்து அயற்பணியில் வரும் ஆசிரியர். காலம் முடிந்தால் அவர் வகுப்புக்குத் திரும்ப வேண்டியவர். தமிழ்நாட்டில் ஆசிரியப் பயிற்றுநர் என்பது ஒரு தனிப் பணியிடம். பட்டதாரி ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வின் வழியாகவே ஆசிரியர் தேர்வு வாரியம் இவர்களையும் நேரடியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆகவே பட்டமும் பி.எட். பயிற்சியும் பெற்று, உயர்நிலை வகுப்புப் பாடங்களுக்கெனத் தயாரான இளைஞர் ஒருவர், இருபது ஆண்டுகள் முதல் வகுப்புக்கு அகரம் கற்பித்த ஆசிரியைக்கு வழிகாட்ட வருகிறார். அவர் முயற்சியுள்ளவராக இருக்கலாம்; இருந்தும் அந்த ஆசிரியையின் பார்வையில் எழும் ஐயத்தைக் குறை கூற முடியாது. நானறிந்த வரையில், மேற்பார்வை பயன் தராமற்போவதற்கு ஆசிரியரின் பிடிவாதத்தைக் காட்டிலும் இதுவே பெரிய காரணம். வகுப்பில் நின்று வியர்த்தவர் சொல்வதை ஆசிரியர் கேட்பார். அவ்வாறு வியர்க்காதவரிடம் தலையசைத்து அனுப்பிவிடுவார்.

கேரள முறையிலும் குறை இல்லாமலில்லை. அயற்பணிக்கு வருவோர் தம் சொந்தப் பள்ளியில் ஒரு வெற்றிடத்தை விட்டு வருகின்றனர். வந்தபின் திட்டத்தின் புள்ளிவிவரங்களைத் திரட்டுவதிலும், முகாம்கள் நடத்துவதிலும், பயனீட்டுச் சான்றிதழ் தயாரிப்பதிலும் அவர்களது நாட்கள் கரைந்துவிடுகின்றன. ஊன்றுகோலாக வந்தவரை மெல்ல மெல்ல எழுத்தராக்கிவிடும் ஆற்றல் நம் அலுவலகங்களுக்கு உண்டு.

மொழி இப்பகுதிக்கே உரிய மற்றொரு சிக்கல். அரசியலமைப்பின் 350-அ பிரிவு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்களை வேண்டுகிறது. வீட்டில் தமிழ் பேசும் குழந்தை மலையாள வழி வகுப்பிலும், மலையாளம் பேசும் குழந்தை தமிழ் வழி வகுப்பிலும் அமர்வது இங்கு இயல்பு. குழந்தை விழிப்பது கணக்கு புரியாமலா, கணக்கைச் சொன்ன மொழி புரியாமலா என்பதை இரு மொழியும் அறிந்த மேற்பார்வையாளரே கண்டுகொள்ள முடியும். இரு மாநில விதிகளிலும் மேற்பார்வையாளருக்குரிய தகுதிகளைப் பேசும்போது எல்லை வட்டங்களுக்கென இதைச் சேர்த்துக்கொள்வது நன்று.

ஒரு பாடவேளை

கொள்கைகளை விட்டு வகுப்பறைக்குள் செல்வோம். எடுத்துக்காட்டுக்காக நான்காம் வகுப்பில் கழித்தல் பாடம் நடக்கிறது என்று கொள்வோம். கரும்பலகையில் 402-லிருந்து 158-ஐக் கழிக்கச் சொல்லியிருக்கிறார் ஆசிரியை. வழக்கமான ஆய்வில் எழுதப்படும் குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்: “வகுப்பு தூய்மையாக உள்ளது. பாடக் குறிப்பு எழுதப்பட்டுள்ளது. கற்பித்தல் திருப்தி. பின்தங்கிய மாணவர் மீது கவனம் தேவை.” இந்நான்கு வாக்கியங்களையும் அந்த வகுப்பைப் பாராமலே எழுதலாம்.

அதே வகுப்பில் வேறொருவர் வந்து குழந்தைகளின் குறிப்பேடுகளைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 244. சிலர் 356 என்று எழுதியிருக்கின்றனர். இன்னும் சிலர் 254 என்று எழுதியிருக்கின்றனர். இரண்டும் தவறே, ஆசிரியை இரண்டுக்கும் சிவப்பு மையால் ஒரே கோடு போட்டிருக்கிறார். ஆனால் இவை ஒரே தவறல்ல. 356 எழுதிய குழந்தை ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது. எட்டிலிருந்து இரண்டு, ஐந்திலிருந்து சுழி, நான்கிலிருந்து ஒன்று. கடன் வாங்குதல் என்பதே அதற்கு இன்னும் எட்டவில்லை. 254 எழுதிய குழந்தைக்குக் கடன் வாங்கத் தெரியும். இடையில் சுழி இருப்பதைக் கண்டு தாண்டிச் சென்று, நூறிலிருந்து வாங்கியதை நேரே ஒன்றின் இடத்துக்குக் கொடுத்துவிட்டது. பத்தின் இடத்தில் சுழியிலிருந்து ஐந்தைக் கழிக்க முடியாமல் ஐந்தையே எழுதிவிட்டது. முதற் குழந்தைக்கு இடமதிப்பை அடியிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டாவது குழந்தைக்கு ஒரு படி மட்டும் விடுபட்டிருக்கிறது.

பாடவேளை முடிந்தபின் இருவரும் திண்ணையில் அமர்ந்து பேசுகின்றனர். “டீச்சர், இந்த இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்களேன், என்ன தோன்றுகிறது?” என்று வந்தவர் கேட்கிறார். விடையைத் தாமே சொல்லிவிடுவதில்லை. ஆசிரியை சிறிது நேரம் பார்த்துத் தாமே கண்டுபிடிக்கிறார். அடுத்த வகுப்புக்குத் தென்னை ஈர்க்குகளை நூறு நூறாக நான்கு கட்டுகளாகவும், தனியே இரண்டாகவும் வைத்துக்கொள்வதென்று இருவரும் தீர்மானிக்கின்றனர். ஒரு நூற்றுக் கட்டைப் பிரித்துப் பத்துப் பத்துக் கட்டாக்கினால் பத்துச் சிறு கட்டுகள். அவற்றுள் ஒன்றைப் பிரித்தால் பத்து ஈர்க்குகள். இப்போது கையில் மூன்று நூற்றுக் கட்டு, ஒன்பது பத்துக் கட்டு, பன்னிரண்டு தனி ஈர்க்கு. சுழியைத் தாண்டிக் குதிக்க முடியாது என்பதைக் குழந்தையின் கையே சொல்லிவிடும். பத்து நாள் கழித்து அவர் மீண்டும் வருவார். வந்து அதே குழந்தைகளின் குறிப்பேட்டைப் பார்ப்பார்.

இந்த எடுத்துக்காட்டில் மேற்பார்வையின் உறுப்புகள் அனைத்தும் அடங்கியிருக்கின்றன. பார்வை குறிப்பிட்ட ஒன்றின் மேல் விழுந்தது. பேச்சு ஆசிரியையைப் பற்றியதாக இல்லாமல் குழந்தைகளின் விடையைப் பற்றியதாக இருந்தது. முடிவு அவருடையதாகவே இருந்தது. மறுவருகை உறுதியாக இருந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாரிஸ் கோகன் என்பவரும் அவருடைய துணைவர்களும் உருவாக்கிய ‘மருத்துவ மேற்பார்வை’ முறையின் சாரமும் இதுவே: பார்ப்பதற்கு முன் ஒரு பேச்சு, பின்னர் வகுப்பைக் காணல், கண்டதைப் பகுத்தல், மீண்டும் பேச்சு. நோயாளியின் கட்டிலருகே நின்று மருத்துவ மாணவர் கற்பதுபோல வகுப்பறையிலேயே ஆசிரியர் கற்கிறார் என்பது பெயரின் பொருள். ஆசிரியருக்கு நோய் என்பதல்ல. ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் பலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர் இருந்து பார்த்து, பின்னர் கூடி விவாதிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. பாடம் எல்லோருடையதும் ஆதலால் குறை காண்பதில் யாருக்கும் புண்படுவதில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் பிளாண்டர்சின் இடைவினைப் பகுப்பாய்வைப் படித்திருப்பர். மூன்று நொடிக்கு ஒருமுறை வகுப்பில் பேசுவது யார், எவ்வகைப் பேச்சு என்று பத்து வகைகளில் குறிக்கும் முறை அது. வகுப்பு நேரத்தில் மூன்றில் இரு பங்கு யாரேனும் பேசுகின்றனர், அப்பேச்சில் மூன்றில் இரு பங்கு ஆசிரியருடையது என்பது அவர் கண்டது. இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். மேற்பார்வையாளர் ஒருவர் இருபது நிமிடம் இவ்வாறு குறித்து அந்தத் தாளை ஆசிரியர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தால், பக்கம் பக்கமாக எழுதும் அறிவுரையைவிட அது பயன்படும். தாள் ஆசிரியரிடமே இருக்க வேண்டும். அலுவலகக் கோப்புக்குப் போனால் அது மறுபடியும் அளவுகோலாகிவிடும்.

ஆய்வுகள் காட்டுவன

கண்காணிப்பும் அறிக்கையும் மட்டும் போதா என்பதற்கு இந்தியாவிலேயே சான்றுகள் உள்ளன. ஆந்திரப் பிரதேசத்தின் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. நூறு பள்ளிகளில் மாணவரின் நிலை பற்றிய விரிவான அறிக்கைகள் ஆசிரியருக்குத் தரப்பட்டன. அவ்வப்போது வகுப்புகளும் பார்வையிடப்பட்டன. பார்வையிடப்படும் வேளையில் அவ்வாசிரியர் மற்றவரைவிட நன்றாகவே கற்பித்தனர். ஆயினும் ஆண்டிறுதியில் அவர்களுடைய மாணவர்களின் மதிப்பெண்ணில் வேறுபாடு காணப்படவில்லை. மாவிலைத் தோரணத்தின் கதையை இதைவிடத் துல்லியமாக எண்களில் சொல்ல இயலாது.

மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முன்னேற்றத் திட்டம் வகுத்துக் கொடுத்துத் தொடர்ந்து பார்வையிடும் பெரிய முயற்சி நடந்தது. முரளிதரனும் அபிஜித் சிங்கும் அதை ஆய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டனர். திட்டங்கள் எழுதப்பட்டன, கற்பித்தலோ கற்றலோ மாறவில்லை. இருப்பினும் காகிதத்தில் அது வெற்றியாகத் தோன்றியதால் பல இலட்சம் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாநிலத்தில் நடந்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. சேட்ஸ்வானா மொழியில் வாசிப்புக் கற்பிக்கும் ஆசிரியருள் ஒரு பகுதியினர் ஓரிடத்தில் கூடிப் பயிற்சி பெற்றனர். மற்றொரு பகுதியினரின் வகுப்பறைக்கே வழிகாட்டி ஒருவர் திரும்பத் திரும்ப வந்தார். இரு சாராருக்கும் பாடத் திட்டமும் கருவிகளும் ஒன்றே. இரண்டு ஆண்டுகளின் முடிவில் இரண்டாம் வகையினரின் மாணவர் அடைந்த முன்னேற்றம் முதல் வகையினரின் மாணவருடையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் வளர்ச்சிப் பயிற்சியைத் தேசியக் கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியருக்கும் விதிக்கிறது. அந்த 50 மணியும் மண்டபத்திலும் கைப்பேசித் திரையிலும் கழியுமா, ஆசிரியரின் சொந்த வகுப்பறையில் கழியுமா என்பதே இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

யார் வருவது?

வகுப்பறைக்கே வர வேண்டும் என்றால் யார் வருவது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அலுவலரின் பொறுப்பில் 80 பள்ளிகள், பள்ளிக்கு 5 ஆசிரியர் என்று வைத்துக்கொண்டால் 400 ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாள். பாதி நாள் அலுவலகத்துக்கும் கூட்டங்களுக்கும் போக 100 நாள் மிச்சம். நாளொன்றுக்கு இரண்டு வகுப்புகளைப் பொறுமையாகப் பார்த்துப் பேசினால் ஆண்டில் 200 வகுப்பு. அதாவது ஓர் ஆசிரியரின் முறை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். பத்து நாள் கழித்து மீண்டும் வருதல் என்பது கனவிலும் நடவாது.

ஆகவே அலுவலர் வந்து பார்க்க வேண்டியது ஆசிரியரை அல்ல. ஆசிரியரைப் பார்க்கும் ஏற்பாட்டை. தலைமை ஆசிரியர் வாரம் ஒரு பாடவேளை சக ஆசிரியரின் வகுப்பில் அமர்கிறாரா, பள்ளி வளக்குழுவில் கழித்தல் கணக்கைப் பற்றிப் பேசினார்களா அல்லது கலைவிழாச் செலவைப் பற்றி மட்டும் பேசினார்களா என்று அவர் கேட்கலாம். கேரளத்தின் சிறு தொடக்கப் பள்ளிகளில் தலைமை ஆசிரியரே ஒரு வகுப்பையும் நடத்துகிறார்; மதிய உணவுக் கணக்கும் அவர் பொறுப்பு. அரிசியும் பயறும் முட்டையும் பாலும் எழுதி முடித்த பிறகே அவர் சக ஆசிரியரின் வகுப்பை நினைக்க முடிகிறது. எழுத்து வேலையைச் செய்ய இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் உதவியாளரை ஊராட்சி தர முடியுமானால் அது மேற்பார்வைக்குச் செய்யும் நேரடி முதலீடாகும். கேரளத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் கிராம ஊராட்சிகளின் பொறுப்பில் விடப்பட்டிருப்பதால் இதற்கு இடமுண்டு. பெஞ்சும் கணினியும் வாங்கித் தரும் ஊராட்சிகள் நேரத்தையும் வாங்கித் தரலாம்.

எல்லைக் கிராமங்களில் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். ஆரியங்கோடு, வெள்ளறடைப் பகுதி ஆசிரியர்களும் விளவங்கோடு வட்டத்து ஆசிரியர்களும் மாதம் ஒருமுறை ஓரிடத்தில் கூடலாம். ஒருவர் வகுப்பை மற்றவர் பார்க்கலாம். கேரளத்தார் பள்ளி வளக்குழுவில் பெற்ற பழக்கத்தையும், தமிழ்நாட்டார் ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கத்தில் முதல் மூன்று வகுப்புகளுக்கெனப் பெற்ற பயிற்சியையும் பகிர்ந்துகொள்ளலாம். இருவருக்கும் பாடநூல் வேறாயினும் 402-லிருந்து 158-ஐக் கழிக்கும் குழந்தை ஒன்றே. வேற்று மாநிலத்தவர் முன்னால் ஒருவரும் தம் பணிப் பதிவேட்டை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை என்பது தனி வசதி. இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். களியக்காவிளையைக் கடந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் செல்லும் ஆசிரியருக்கு அன்றைய நாளைப் பணி நாளாகக் கணக்கிட்டு, பயணப் படிப் பட்டியலில் ஒப்பமிடப் போவது எந்த மாநில அலுவலர் என்பதை இரு கல்வித் துறைகளும் முதலில் முடிவு செய்ய வேண்டும்.